மேஸ்திரி பொம்மையின் புருவம்

பொம்மைக்கு முகம் செய்யும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். மெழுகை எப்படிப் பிடிப்பது, வாயை எப்படிச் செதுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு பொம்மைக்கு நூறு முகம் வேண்டுமென்றாலும் உங்கள் இயந்திரம் அச்சடித்துக் கொடுத்துவிடும். அதனால் செய்முறை எதையும் நான் சொல்லப்போவதில்லை. நான் செய்த ஒரு பெரிய தப்பைச் சொல்கிறேன். அந்தத் தப்பைத் திருத்தியதுதான் என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலை. அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடம்பத்தூர்க்காரி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் திருவள்ளூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. டாக்டர் அளவெடுத்துக் கொடுப்பார்; மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, பல் செட் கட்டுவது என் வேலை. செட் பொருந்துகிறதா என்று பார்க்க, வந்தவர்களை "அம்மா சொல்லுங்க, ஈ சொல்லுங்க, ஊ சொல்லுங்க" என்று சொல்லவைத்து எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எட்டு வருஷத்தில் எந்த எழுத்துக்கு உதடு எங்கே போகும், கன்னம் எங்கே குழியும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

முன்பல் உடைந்து ஒருநாள் வந்து உட்கார்ந்தவர்தான் பிறகு என் முதலாளி ஆனார். சினிமா கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் சின்ன விளம்பரப் படங்கள் எடுப்பவர். அவருடைய படங்களில் நடிகர்கள் கிடையாது, பொம்மைகள்தான். பொம்மையை இம்மி அளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்துச் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும், பேசும். மெட்ராஸில் இடம் கட்டுப்படியாகாமல், திருவள்ளூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில் கிடங்கைப் பிடித்திருந்தார். கூட்ஸ் வண்டி போனால் தரை அதிரும். அது போய் முடிகிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது.

பொம்மைகளுக்கு அவர் மெழுகில் வாய் செய்துவந்தார். சித்திரை வெயிலும் விளக்குச் சூடும் சேர்ந்து, பாதி வேலையில் கதாநாயகனின் உதடு தாடைக்கு இறங்கிவிடும். பல் செட் செய்கிற அதே பிளாஸ்டிக்கில் நான் நாலு வாய் செய்து கொடுத்தேன். அவை உருகவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் டாக்டரிடம் சொல்லிக்கொண்டு கிடங்குக்கு வந்துவிட்டேன்.

பொம்மையின் முகத்தை நான் இரண்டாகப் பிரித்தேன். நெற்றி, புருவம், கண் ஒரு துண்டு. மூக்குக்குக் கீழே வாயும் தாடையும் இன்னொரு துண்டு. மேல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு கீழ் பாதியை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் பொம்மை பேசும். என் வாய்களைப் பார்த்துவிட்டு மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்துப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரிசையாகத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. அங்கே இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. உலைக்கு எண்ணெய் வரும் குழாயில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தொழிலாளிகளுக்குக் காட்டும் படம். உலைக்காரன் நிற்கும் இடத்தில் ஒரு கைக்கு எண்ணெய் வால்வு, இன்னொரு கைக்குக் காற்று ஊதும் புளோயரின் சுவிட்ச். தீப்பிடித்தால் முதலில் வால்வை மூட வேண்டும். பதறிப்போய் புளோயரைப் போட்டுவிட்டால் காற்று தீயை ஆள் மேலேயே தள்ளிவிடும். எங்கள் படத்தில் தூரத்திலிருந்து மேஸ்திரி பொம்மை "மூடு, மூடு" என்று கத்தும். உலைக்கார பொம்மை வால்வை மூடிப் பிழைத்துக்கொள்ளும். படத்தின் உயிரே அந்த ஒரு வார்த்தைதான்.

நாள் நெருக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கு ஓகாரத்துக்கு ஒரு வாய் செய்திருந்தேன். ஊகாரத்துக்கு இன்னும் கொஞ்சம் குவிந்த வாய் ஒன்று செய்ய வேண்டும். இரண்டும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுதான், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். மேல் பாதி முகத்துக்கு ஒரே ஒரு நெற்றியும் ஒரே ஒரு ஜோடிப் புருவமும்தான் செய்திருந்தேன். கண் இமைத்தால் போதும் என்று நினைத்தேன்.

படத்தை முடித்து மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனோம். ஆபீஸ் அறையில் திரை கட்டி மேனேஜருக்குப் போட்டுக் காட்டினோம். மனிதருக்கு ரொம்பத் திருப்தி. ஒன்பது நாளில் பாதுகாப்பு வாரம் தொடங்குகிறது, இன்ஸ்பெக்டர் வருகிறார், அன்றைக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் மில்லுக்குள்ளேயே எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிடலாம் என்றார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான்.

கை கழுவலாம் என்று வெளியே குழாயடிக்கு வந்தேன். அங்கே ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் ரவணம்மா என்று பிறகு தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். பழைய இரும்பைத் தரம் பிரித்துப் போடும் வேலை. அதற்கு முன் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பல வருஷம் நின்றதில் அவளுக்குக் காது போயிருந்தது. நாங்கள் படம் காட்டியபோது ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

"அந்த மேஸ்திரி பொம்மை இன்னாத்துக்கு போடு போடுன்றான்? அங்கதான் நெருப்பு பத்திக்கிச்சே. புளோயரைப் போட்டா அந்த ஆளு கருகிப் பூடுவானே" என்றாள்.

அவன் "மூடு" என்றுதான் சொல்கிறான் என்று நான் சத்தமாகச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றதும் எனக்கு போடுன்னுதான் தெரியுது" என்றாள்.

எட்டு வருஷம் வாய்களைப் பார்த்தவள் நான். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த எழுத்தை அடுத்து வரும் ஓ, ஊ இரண்டுக்கும் நான் ஒரே வாயை மாட்டியிருக்கிறேன். சத்தம் கேட்டால் பொம்மை "மூடு" என்கிறது. சத்தம் கேட்காவிட்டால் "போடு" என்கிறது.

ஆனால் காது கேட்காத ஒருத்திக்குத்தானே இப்படி என்று ஒரு நினைப்பும் வந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ரவணம்மாவே அந்த நினைப்பை உடைத்தாள். மில் ஓடும்போது உள்ளே யாருக்குமே காது இல்லை, எல்லோரும் வாயையும் முகத்தையும் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள் என்றாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பி உருளும் கூடத்தின் வாசலில் நிறுத்தினாள். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே இருபதடி தள்ளி நின்ற இரண்டு பேர் குரலே இல்லாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும், ஊகார வாயைத் தனியாகச் செய்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வாய் எல்லாம் ஒண்ணுதான். அதான் நாங்க மூஞ்சியால சொல்லுவோம்" என்றாள். புருவத்தைத் தூக்கி, முகவாயை மேலே வெட்டினாள். அது போடு. புருவத்தை நெருக்கி, முகவாயைக் கீழே அழுத்தினாள். அது மூடு. குழந்தைக்குக்கூடப் புரியும்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடுவீர்கள். ஆனால் மேனேஜர் படத்தை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. முதலாளிக்கு அந்த மில் மூலமாக இன்னும் நாலு தொழிற்சாலைகளின் வேலை வரும் என்ற நம்பிக்கை. கிடங்கில் படத்துக்காகக் கட்டிய உலை அரங்கை ஏற்கெனவே பிரித்துப் போட்டுவிட்டோம். தப்பைக் கண்டுபிடித்தவள் ஒரே ஒருத்தி, அவள் பேச்சை அந்த ஆபீசில் யாரும் கேட்கப்போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். என்றைக்காவது ஒருநாள் உலையில் தீப்பிடிக்கிற வரைக்கும்.

வேனில் ஏறுவதற்கு முன்னால் முதலாளியிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிகரெட்டைப் பற்ற வைக்காமலே கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஸ்பீக்கரைப் பெரிதாக்கிவிட்டால் போதாதா என்றார்.

"அங்க காது வேலை செய்யாது சார். மூஞ்சிதான் வேலை செய்யும்" என்றேன்.

குழாயடியில் சொன்ன பெண்ணைத் தவிர வேறு யாருக்காவது இது தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, உள்ள போய் நீயே சொல்லு" என்றார். அந்த மனிதரைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் இன்னும் பத்து வருஷம் வேலை செய்தேன்.

மேனேஜர் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் சத்தத்தை நிறுத்திவிட்டு, பத்துப் பேரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டலாம், மேஸ்திரி என்ன சொல்கிறான் என்று கேட்கலாம் என்றேன். ரவணம்மாவின் பெயரை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குப் பேஜாராகிவிடுமோ என்று பயம்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களில் பத்துப் பேரை உட்கார வைத்துப் படத்தை ஓட்டினோம். ஏழு பேர் போடு என்றார்கள். ஒருவர் மூடு என்றார். மற்ற இருவரும், பொம்மை எதையோ மென்றுகொண்டிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள். போடு என்று சொன்னவர்களில் ஒருவர் உலையில் நிற்கிற ஆள். மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, எட்டு நாளில் முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். எப்படி முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திருவள்ளூர் திரும்பியதும் முதலாளியும் காமிராமேன் தாமோதரனும் அரங்கை மறுபடி கட்டத் தொடங்கினார்கள். நான் மேல் பாதி முகங்களைப் பிடிக்க உட்கார்ந்தேன். புருவத்தை நெருக்கு, முகவாயை இறக்கு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். இரண்டு நாளில் ஆறு புருவங்கள் செய்தேன். ஒன்றும் சரியில்லை. எதைப் பொருத்தினாலும் மேஸ்திரி எரிந்து விழுகிற ஆளாகத்தான் தெரிந்தான். தாமோதரன் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றான். நாளும் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ரவணம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வந்துவிட்டாள். கிடங்கைச் சுற்றிப் பார்த்தாள். என் மேஜையில் வரிசையாக வைத்திருந்த வாய்களைப் பார்த்துவிட்டு, கடையில் விற்கிற பல் செட் மாதிரி கீது என்றாள். அது உண்மையும்கூட. ஆறு புருவங்களையும் ஒவ்வொன்றாகப் பொம்மைக்குப் பொருத்திக் காட்டினேன். ஆறையும் தள்ளிவிட்டாள்.

"இவன் திட்றான். திட்னா ஆளு நின்னு பூடுவான். மூஞ்சியப் பாப்பான், வால்வப் பாக்க மாட்டான்" என்றாள்.

அப்படியானால் எப்படி இருக்க வேண்டும், செய்து காட்டு என்றேன். அவள் முயன்றாள். ஆனால் இருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் முகம் வரும்? வெட்கம் வந்து சிரித்துவிட்டாள். மறுபடி கேட்டேன், மறுபடி சிரித்தாள். எனக்கு எரிச்சலாகிவிட்டது. அவளிடம் கோபித்துக்கொள்ள முடியாமல், ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கத்தியைச் சூடாக்கி மெழுகை வழிக்கத் தொடங்கினேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலேதான் செய்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எதேச்சையாக நிமிர்ந்தேன். எதிரே ரவணம்மாவின் முகம். வாய் எதையோ சொல்கிறது, என்னவென்று நான் கேட்கவே இல்லை. என் கை தானாகப் போய் முந்தானையை இழுத்து மடியில் போட்டு அமுக்கியது. அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தேன். விளக்கில் பட்டு முந்தானையின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. தாமோதரன் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

நான் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெழுகை எடுத்தேன். புருவம் நெருங்கியிருந்தது, ஆனால் உள்முனை இரண்டும் கீழே இறங்கவில்லை, மேலே தூக்கியிருந்தன. கண் சுருங்கவில்லை, அகன்றிருந்தது. முகவாய் கீழே. அதில் அதட்டல் இருந்தது, அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. தனக்கான பயம் அல்ல, எனக்கான பயம். இரண்டு நாளாக நான் செய்த ஆறு மேஸ்திரிகளுக்கும் அந்த உலைக்காரன் மேல் துளி அக்கறை கிடையாது. அதனால்தான் அவர்கள் திட்டுகிறவர்களாகத் தெரிந்தார்கள்.

ரவணம்மா என் புடவையைப் பார்த்துப் புலம்பிக்கொண்டே இருந்தாள். நான் செதுக்கிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது மெழுகில் நாலு நெற்றி தயாராக இருந்தது. சும்மா இருக்கும் நெற்றி, திடுக்கிடும் நெற்றி, பாதி நெருங்கிய புருவம், முழுசாக அந்த முகம். அவளிடம் காட்டினேன். இந்தத் தடவை அவள் எதையும் தள்ளவில்லை. தன் கையை நீட்டி, வால்வைத் திருகுகிற மாதிரி காற்றில் திருகிக் காட்டினாள்.

அன்றிரவே அவற்றைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக்கொண்டு, அப்புறம் நாலு நாள் படம் எடுத்தோம். அந்தக் காட்சியில் முகவாயை இறக்க மேஸ்திரியின் தலையைக் குனியவைத்தோம்; வாயைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. பழைய ஓகார வாயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். முதலாளி ஆச்சரியப்பட்டார். ஊகார வாய் ஒன்று செய்ய நேரம் இருந்தது, செய்திருக்கலாம். ஆனால் வாயை வைத்து ஆட்கள் ஊகித்துக்கொண்டு, என் புருவத்தில் இருக்கும் குறை எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுகளிலேயே நான் அதிகம் பயந்து எடுத்தது அதுதான். இன்றைக்கும் அது சரியென்றுதான் சொல்வேன்.

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள். கம்பி அடுக்கி வைக்கும் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி, மற்ற எல்லோரும் தரையில். ஒரு ஷிப்ட் முடித்தவர்களும் அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது. பழைய இரும்புக் கொட்டடிப் பெண்கள் பின்னால் கதவோரம் நின்றார்கள். ரவணம்மாவும் அவர்களோடு இருந்தாள்.

தாமோதரன் ஸ்பீக்கர் வயரைச் சொருகப் போனான். வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வந்திருக்கிற நாளில் இது வேண்டுமா என்று அவர் முகம் கேட்டது. முதலாளி என் பக்கம் வந்து நின்றுகொண்டார். மேனேஜர் ஒரு நொடி யோசித்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் குனிந்து, "எங்க மில்லுல சத்தம் கேக்காது சார், அப்படியே பாருங்க" என்று அவர் காதருகே கத்திச் சொன்னார்.

படம் ஓடியது. உலைக்கார பொம்மை வந்தது, பீடியைத் தூக்கி எறிந்தது, சிலர் சிரித்தார்கள். குழாயில் தீ கிளம்பியது. சிரிப்பு நின்றது. மேஸ்திரி திரும்பினான். திடுக்கிட்டான். புருவம் பாதி நெருங்கியது. அடுத்து அந்த முகம் வந்தது. திரையைப் பார்க்க முடியாமல் நான் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலில் முன்வரிசையில் உலைக்காரர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யார், எத்தனை பேர் என்று தெரியாது. பக்கத்துக் கூடத்தின் இரைச்சலையும் மீறிக்கொண்டு, அந்தக் கூடமே ஒரே குரலாக "மூடு" என்றது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். நான் கதவோரம் பார்த்தேன். ரவணம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. அவள் திரையைப் பார்க்கவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேருக்கும் புருவம் நெருங்கி, உள்முனை தூக்கியிருந்தது. உலைக்கார பொம்மைக்காக, மேஸ்திரி பொம்மையைவிட அதிகமாக அவர்கள் பயந்துபோயிருந்தார்கள். நான் செய்த முகத்தை இருநூறு பேர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.